மூன்றாவது பாஸ்

கடற்படை உடுப்பைக் கழற்றி மடித்து அலுமாரிக்குள் வைத்த அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இனி எனக்கு ஒருவரும் கட்டளை, ஓடர் எதுவும் போட முடியாது.

முற்றத்தில் நின்று இதைச் சத்தமாகவே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தது கோழிகளும் என் மனைவி மக்தலேனாவும். கோழிகள் ஒன்றும் சொல்லவில்லை.

“ஓம், சரி,” என்றாள் மக்தலேனா. “அந்தச் சப்பாத்தக் கழட்டி வெளியில வச்சிட்டு வாங்க.”

கழற்றி வெளியில் வைத்தேன். அது ஓடர் இல்லை. சப்பாத்தில் உண்மையிலேயே மண் இருந்தது.

என் பேர் அல்பேட். சிலாபத்துக்கு வடக்கே கடலோரம்தான் வீடு. படிப்பு எட்டாம் வகுப்பு வரை, அதுவும் வாசல் வரை. திருகோணமலையில் நேவிக் கப்பல்களுக்கு மின்சார வேலை பார்த்தே தலை நரைத்தது. இனி மிச்சக் காலத்துக்கு ஊரில் வயரிங் வேலை செய்வது, சொந்தக் காலில் நிற்பது, இதுதான் திட்டம்.

எனக்கு மூன்று வகை பாஸ் தெரியும். முதலாவது பள்ளிக்கூடத்தில் கொடுப்பது. அதற்கும் எனக்கும் சரிவரவில்லை. இரண்டாவது நேவியில் லீவுக்குக் கொடுக்கிற துண்டு. அதைக் கேட்டவனுக்குக் கொடுக்கமாட்டார்கள், கேட்காதவனைத் தேடிப்போய்க் கொடுப்பார்கள். மூன்றாவது, தொழில் தெரிந்தவனை ஊர் கூப்பிடுகிற பட்டம். மேசன் பாஸ், தச்சுப் பாஸ், வயரிங் பாஸ். அந்த மூன்றாவது பாஸ்தான் எனக்கு வேண்டும். ஊர் வாயால் ‘அல்பேட் பாஸ்’ என்று ஒரு தடவையாவது கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று இருந்தேன்.

ஏனென்றால் ஊரில் எனக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்தது. பல்ப் அல்பேட்.

அதை வைத்தவன் கிளைட்டன். மக்தலேனாவின் தம்பி. எங்கள் மகள் மாதா கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்றைய விருந்தில், இரண்டு பைலாப் பாட்டுக்கு நடுவில் மைக்கைப் பிடித்து, “என்ர மச்சான் நேவியில பெரிய ஆள். கப்பல்ல பல்ப் போடுறவர்” என்றான். சனம் சிரித்தது. விருந்துக்கு வந்திருந்த என் சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஊரில் எத்தனையோ தடவை கரண்ட் போயிருக்கிறது, அந்தப் பேர் மட்டும் போகவில்லை.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“இந்த வீட்டுக்குள்ள இனி அந்தப் பேர் கேக்கக்கூடாது. ஒருத்தர்ர வாயிலயும் வரக்கூடாது.”

“இது ஓடரா?” என்று கேட்டாள் மக்தலேனா.

“ஓடர்தான்.”

“சரி.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. எனக்குக் கீழே வேலை செய்த ஒரு பயலும் இவ்வளவு ஒழுங்காக ஓடரை மதித்ததில்லை. கிளைட்டன் இத்தாலிக்குப் போனான் என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் திரும்ப மேலே தள்ளிவிடலாம். நான் ஒருவரோடு முறித்து விழுந்தால் விழுந்ததுதான். கிளைட்டனோடு கதையில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களோடு கதையில்லை. கோயில் திருநாளில் எனக்குக் கதிரை எடுத்துப் போடாத கில்பட்டோடு கதையில்லை. கில்பட்டுக்குக் கதிரை போட்டவரோடும் கதையில்லை. இதனால் ஊரில் நடமாடுவது எனக்குச் சுகம். வழியில் நின்று பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் குறைவு.

கேட்டில் பலகை ஒன்று தொங்கவிட்டேன். ‘அல்பேட், வயரிங் வேலைகள், கடற்படை அனுபவம்.’ கீழே மக்தலேனாவின் போன் நம்பர். என் போனுக்கு அடிக்கிறவர் நான் கதைக்காத ஆளாக இருந்துவிட்டால் என்ற பயம்.

முதல் வேலை பின்வீட்டு சாரா உம்மாவின் வீட்டில். குசினி ஃபேன் சுற்றவில்லை. போனேன்.

“இங்க பொறுப்பு ஆர்?” என்று கேட்டேன். நேவியில் அப்படித்தான் தொடங்குவது.

“நான்தான் மகன். வேற ஆர் ஈக்கிறது?”

“நான் மேல ஏறினதும் ஒருத்தரும் மெயின் சுவிட்சுக்குக் கிட்ட வரக்கூடாது. நீங்க அதில காவல் நிக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“நான் இறங்கு எண்டு சொல்லும் மட்டும்.”

“ஏறுறது நீங்க. நான் எங்கருந்து மகன் இறங்குறது?”

ஏணியில் ஏறிவிட்டேன். மேலே நிற்கிறவன் கதைகொடுக்கக்கூடாது. அவ சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் நின்றா. நான் ஃபேனைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, வயரை மாற்றி, கப்பலுக்குச் செய்கிற மாதிரியே செய்தேன். அடுப்பில் சோறு கிடந்தது எனக்குத் தெரியாது. மணம் வந்தபோது வயர் எரிகிறது என்று நினைத்து இன்னும் கவனமாகத் தேடினேன்.

“மகன், அது என்ர சோறு,” என்றா சாரா உம்மா, காவலை விட்டு அசையாமல்.

ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. கரிப்புகையை வீடு முழுக்க அள்ளிக்கொண்டு போனது. அவ சொன்ன கதை எனக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. ‘அல்பேட்டக் கூப்பிட்டா வீட்டுச் சனத்த சென்ரி நிப்பாட்டுவார், சோத்தையும் எரிப்பார்.’ சாரா உம்மாவோடும் கதை நின்றது. அதோடு போனும் நின்றது.

வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்த நாட்களில்தான் மக்தலேனா ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

ஒரு பின்னேரம் கதிரையில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தேன்.

“தேங்கா ஒண்டு உரிச்சுத் தாங்க.”

“முதுகு பிடிச்சிருக்கு.”

“கொஞ்சம் எழும்புங்க.”

“நான் பென்சன்காரன் மக்தா. ஓய்வெண்டால் ஓய்வு.”

அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் என் காதுக்குப் பக்கத்தில், நேவியில் எனக்கு மேலே இருந்த பெட்டி ஒபிசரின் குரலில், சிங்களத்தில் ஒரு சொல் விழுந்தது.

“ராஜகாரி!”

நேவியில் கடமைக்கு அதுதான் சொல். அதைக் கேட்டால் சாப்பிட்ட கையோடு எழும்ப வேண்டும். எழும்பிவிட்டேன். கண் திறந்தபோது கையில் தேங்காய் உரிக்கிற பாரை இருந்தது, முன்னால் நாலு தேங்காய் உரித்துக் கிடந்தது. மக்தலேனா சிலாபம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர். அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தாள் என்று கேட்டதற்கு, “நித்திரையில நீங்கதானே கத்துறீங்க,” என்றாள்.

இது ஓடர் இல்லை. பழக்கம். ஓடருக்கு மனம் பணிய வேண்டும். என் மனம் பணியவில்லை, கால் மட்டும்தான் எழும்பியது.

அப்போதுதான் ஒரு நாள் போனோடு வந்தாள்.

“முன்னேஸ்வரம் தாண்டி ஒரு புது வீடு. முழு வயரிங். உங்களத்தான் கேக்கிறாங்க.”

“ஆர்ர வீடு?”

“இத்தாலிக்காரர் ஒருத்தர்ர.”

எங்கள் பக்கம் இது பதிலே இல்லை. கடற்கரையில் கல்லெறிந்தால் ஒன்றில் தென்னையில் விழும், இல்லையென்றால் இத்தாலிக்கு உழைக்கப் போன யாரோ ஒருத்தர் கட்டுகிற மாடியில் விழும்.

“பேர் என்ன?”

“பேர் என்னத்துக்கு? பேருக்கா வயர் இழுக்கப்போறீங்க?”

“எனக்குக் கதையில்லாத ஆளா இருந்தா?”

“அங்கயிருந்து உங்களோட அவர் கதைக்கவே மாட்டார். எல்லாம் எனக்குத்தான் சொல்லுவார்.”

இது எனக்குப் பிடித்தது. ஆனாலும் யோசிக்கிறேன் என்று சாய்ந்தேன். அவள் குனிந்து அந்தச் சொல்லைச் சொன்னாள். ஏணி தோளில் ஏறியது எனக்கு நினைவில்லை.

வீடு நல்ல வீடு. மேல்மாடியில் பூச்சு வேலை செய்த மேசன் பாஸிடம், “முதலாளி ஆர்?” என்று சிங்களத்தில் கேட்டேன். “இத்தாலி மாத்தயா,” என்றார், ஐயா என்கிற மாதிரி. அவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

உயிரைக் கொடுத்து வேலை செய்தேன். கப்பலில் மாதிரி ஒவ்வொரு வயருக்கும் இலக்கம் கட்டினேன். ஒரு பைப் கோணவில்லை. இந்த ஒரு வீடு என்னைப் பாஸ் ஆக்கும் என்று தெரியும். பின்னேரத்தில் மக்தலேனா தேத்தண்ணி கொண்டுவருவாள். வீட்டுக்காரர் சொன்னது இது, சொன்னது அது என்று சொல்வாள்.

“ஒவ்வொரு அறையிலயும் கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு சுவிட்ச் வேணுமாம். வயசானவங்க இருட்டில எழும்பித் தட்டுப்படக்கூடாதாம்.”

“அறிவுள்ள மனிசன்,” என்றேன்.

“ஓம்.”

“பெரியவங்கள மதிக்கத் தெரிஞ்ச மனிசன். உன்ர கூடப்பிறந்த ஒருத்தன் இருக்கிறானே, அவன மாதிரி இல்ல.”

“ஆர்?” என்றாள்.

“பேர் சொல்லமாட்டன்.”

“நானும் சொல்லமாட்டன்,” என்றாள் மக்தலேனா. தேத்தண்ணியை ஆற்றினாள்.

“இப்பிடி ஒரு மச்சான் எனக்குக் கிடைச்சிருந்தா, நான் ஏன் இப்பிடி இருக்கிறன்?”

“அதானே,” என்றாள்.

கடைசியாக விறாந்தைச் சுவரில், நல்ல உயரத்தில், அந்தோனியார் சுருவத்துக்கு ஒரு மாடம். அதற்கும் லைட் வேண்டும்.

“அதுக்கு ஹோல்டர மட்டும் போட்டு விடுங்க. பல்ப் வேணாம்.”

“பல்ப் இல்லாம அந்தோனியார் இருட்டிலயா நிக்கிறது?”

“பல்ப் அவர் இத்தாலியில இருந்து கொண்டு வாறாராம்.”

பணக்காரருக்கு இப்படி ஒரு பைத்தியம் இருக்கும். ஹோல்டரை மட்டும் போட்டேன். மனதுக்குள் சந்தோசம்தான். அந்த வீட்டில் நான் கையால் தொடாதது அந்த ஒரு பல்ப்தான்.

வீடு மந்திரிக்கிற நாள் வந்தது. வெள்ளைச் சேட்டு போட்டுப் போனேன். ஃபாதர் வந்திருந்தார். பந்தல், கதிரை, மைக். நான் கதைக்காதவர்கள் முழுப்பேரும் வந்திருந்தார்கள். கில்பட் கதிரையில் இருந்தான். சாரா உம்மாவும் வட்டிலப்பத்தோடு வந்திருந்தா. ஒரு இத்தாலிக்காரனுக்கு எப்படி இவ்வளவு பேரையும் தெரியும் என்று யோசித்துக்கொண்டு நிற்க, வாசலில் வான் வந்து நின்றது. பெட்டியோடு இறங்கினான். கொஞ்சம் தடித்திருந்தான். மற்றபடி அன்றைக்கு விருந்தில் மைக் பிடித்த அதே ஆள்.

மக்தலேனாவை மாமரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

“இது ஆர்ர வீடு?”

“இத்தாலிக்காரர்ர.”

“எந்த இத்தாலிக்காரர்?”

“பேர் சொல்லலாமா?”

நான் வாசல் பக்கம் கையைக் காட்டினேன்.

“நீங்கதானே ஓடர் போட்டீங்க, அந்தப் பேர் வாயில வரக்கூடாதெண்டு,” என்றாள். “நான் இண்டைக்கு வரைக்கும் மீறினேனா?”

“மீறேல்ல.”

“நீங்க கேக்கிற நேரமெல்லாம் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஓடர் எண்டு விழுங்கினேன்.”

“ஊரில ஒருத்தராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“உங்களோட ஆர் கதைக்கிறது?”

ஓடரை மீறினவனுக்குத் தண்டனை உண்டு. ஓடரைக் காப்பாற்றினவளுக்கு நேவியில் தண்டனை இல்லை. யோசித்துப் பார்த்தால் அவளுக்குப் பதக்கம்தான் கொடுக்க வேண்டும்.

“நான் போறன்,” என்றேன்.

“போங்க,” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னாள். “எனக்கிருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவன்ர வீட்டுக்கு நான் மட்டும் தனிய வரணுமெண்டா, வாறன்.”

அங்கே விட்டிருந்த என் ஏணியை எடுக்கத்தான் திரும்பினேன். அதற்குள் மைக் சத்தம் போட்டது. அதே மைக் குரல்.

“இந்த வீட்டு வயரிங் முழுக்க எங்கட மச்சான், அல்பேட் பாஸ் செய்தது. இத்தாலியில கூட இப்பிடி ஒரு வேலை நான் காணேல்ல. பாஸ், வந்து மெயினப் போடுங்க.”

சனம் திரும்பிப் பார்த்தது. “பாஸ் எங்க, பாஸ் எங்க?” என்று கில்பட்டே கேட்டான். நான் எத்தனையோ காலம் காத்திருந்த சொல், கேட்கக்கூடாத வாயிலிருந்து வந்தது. வெறும் வாயிலிருந்து வந்திருந்தாலும் பரவாயில்லை, மைக்கில் வந்தது. காலை மட்டும் குறை சொல்லமுடியாது. இந்தத் தடவை மனமும் கூடவே நடந்தது.

மெயினைப் போட்டேன். வீடு முழுக்க லைட் எரிந்தது. கைதட்டினார்கள். கிளைட்டனுக்குத் தலையை ஒரு விரல் அளவு ஆட்டினேன். அது கதைத்ததாகக் கணக்கில்லை.

ஃபாதர் தீர்த்தச் செம்போடு மாடத்துக்குக் கீழே போய் நின்று மேலே பார்த்தார்.

“அந்தோனியார் மட்டும் இருட்டில நிக்கிறாரே.”

கிளைட்டன் பெட்டியைத் திறந்தான். பஞ்சு, கடதாசி, இன்னும் பஞ்சு. அதற்குள்ளிருந்து ஒரு பல்பை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இதற்கு மட்டும் நான் அசையமாட்டேன் என்று முடிவு எடுத்தேன். இது நான் எடுத்த இரண்டாவது பெரிய முடிவு.

“ராஜகாரி,” என்று காதோரம் கேட்டது.

பார்த்தால் ஏணியின் உச்சியில் நிற்கிறேன். கையில் பல்ப். கீழே சாரா உம்மா, கேட்காமலே போய், மெயின் சுவிட்சுக்கு முன்னால் காவல் நிற்கிறா. மக்தலேனா ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கிளைட்டன் மைக்கை மேலே நீட்டினான்.

“மச்சான், இத்தாலியில எல்லாரும் போன்ல பாத்துக்கொண்டிருக்கிறாங்க. என்ன செய்றீங்க எண்டு நீங்களே சொல்லுங்க.”

“பல்ப் போடுறன்,” என்றேன்.