மாதாவை நகர விடாத ஹோர்ன் அண்ணன்

கண்டியில் ஹோர்ன் அடித்துக் குடும்பம் நடத்திய மனிதர் ஒருவர்தான். அவருடைய குடும்பத்தை மட்டும் இல்லை, எங்கள் சந்தில் இருந்த இருபது குடும்பங்களையும் அவர்தான் நடத்தினார். அவரைப் பைத்தியம் என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். அப்படிச் சொல்கிறவர்களின் வீட்டில் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு போனோடு சாப்பிடுவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஞானஸ்நானப் பெயர் ஏதோ ஓர் அப்போஸ்தலருடையது. அது கோயில் பதிவேட்டில் இருக்கும், எங்கள் வாயில் வந்ததில்லை, எங்களுக்கு அவர் ஹோர்ன் அண்ணன். மாலை ஆறரைக்கு, தான் ஓட்டும் த்ரீவீல் ஆட்டோவை வாசலில் நிறுத்தி, நீளமாக மூன்று முறை ஹோர்ன் அடிப்பார். டிவியை அணை, அடுப்பைக் குறை, ஜெபமாலைக்கு வா என்று அர்த்தம். அவர் தன் பிள்ளைகளுக்குத்தான் அடித்தார். ஆனால் எங்கள் வீடுகள் மலைச்சரிவில் ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருப்பவை, அடித்தது எல்லோருக்கும் கேட்டது. எதிர்வீட்டு இந்துக் குடும்பம்கூட அந்த ஹோர்னைக் கேட்டுத்தான் விளக்கேற்றியது.

அவர் வீட்டில் ஒரு சட்டம். ஜெபம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் அன்றைக்குச் செய்த பிழையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் அப்பா. அவருடைய பட்டியல்தான் எப்போதும் நீளம். அவர் மறந்துவிட்டால் பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பார்கள். காலையில் பொலிஸ்காரரிடம் லைசன்ஸ் வீட்டில் இருக்கிறது என்று சொன்னது, அம்மா வைத்த பருப்பை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது எல்லாம் வெளியே வரும். நடுச்சுவர் பலகை என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாடகத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இதைக் கேட்டார்கள்.

வண்டியிலும் அதே சட்டம்தான். ஒருமுறை வத்தேகமைக்குப் போகும் வழியில் பின்சீட்டில் ஒரு புருஷன் பெண்சாதி சண்டை பிடித்தார்கள். அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய் மதகில் உட்கார்ந்துவிட்டார். பேசி முடித்தால்தான் வண்டி நகரும் என்றார். மழை வேறு. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த இருவரும் சேர்ந்து அவரைத் திட்டத் தொடங்கினார்கள். ஒற்றுமை வந்துவிட்டது என்று சொல்லி அவர் வண்டியை எடுத்தார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த ஒக்டோபர் வரைக்கும்.

ஒக்டோபரில் எங்கள் கோயில் பங்கில் மாதா சிலை, நாங்கள் சுரூபம் என்போம், வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் மாலை அந்த வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுரூபத்தை வாசலுக்குக் கொண்டுவர, அண்ணன் தன் த்ரீவீலில் ஏற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார். பதினாறு வருஷமாக அந்தப் பாக்கியம் அவருடையது. வேறு எவனையும் கிட்ட விட்டதில்லை.

எங்கள் முறை வந்தபோது நானும் என் மனைவி ரெஜினாவும் பேசிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பிழை என்னுடையது, இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்? பதவி உயர்வு கிடைக்கும் என்று கொழும்புக்கு மாற்றம் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். விஷயத்தை அவளுக்குச் சொன்னது என் அலுவலக நண்பனின் மனைவி, அதுவும் சந்தையில், காய்கறிக்காரனிடம் கோவா வாங்கும்போது. அன்றைக்கே அலுமாரிமேல் இருந்த சூட்கேஸ் கீழே இறங்கியது. மாதா வீட்டைவிட்டுப் போன மறுநாள் தானும் பிள்ளையும் தெல்தெனியவில் தன் சொந்த அண்ணன் வீட்டுக்குப் போவதாக முடிவு. அதையும் ஆறு வயது மகள்தான் வந்து எனக்குச் சொன்னாள்.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் மாலை ஹோர்ன் அண்ணன் வந்தார். நாங்கள் சுரூபத்தின் இரண்டு பக்கமும் நின்றோம். நல்ல பிள்ளைகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டோம். அப்போது ரெஜினா, பழக்கதோஷத்தில், குனிந்து மகளிடம் சொன்னாள்.

"அப்பாகிட்ட சொல்லு, கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி."

அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு போய் எஞ்சினை அணைத்தார்.

"மாதா இங்கயே இருக்கட்டும்," என்றார். "சண்டை வீட்டுல இருந்து நான் தூக்க மாட்டேன்."

அடுத்த வீட்டில் நாற்பது பேருக்குக் கட்லட் பொரித்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்லட் எல்லாம் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது, கூடவே அந்த நாற்பது பேரும். இரண்டாம் நாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் எங்கள் வீட்டில் சீனி தீர்ந்துவிட்டது. சந்து முழுக்க எங்கள் விஷயம்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய மூன்று சில்லிலும் காற்றைப் பிடுங்கிவிடலாம் போல இருந்தது.

அன்று மாலை பங்குச் சபைச் செயலாளர் வீட்டுப் பட்டியலோடு வந்து குதித்தார். ஒரு வீட்டால் முழு ஒக்டோபரும் குழம்புகிறது, இப்போதே தூக்காவிட்டால் அடுத்த வருஷம் வாடகைக்கு வான் வண்டி பிடிப்போம், உனக்கும் மாதாவுக்கும் இனிச் சம்பந்தம் இல்லை என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணனின் முகம் கறுத்துப்போனது. அந்தப் பதினாறு வருஷம் அவருக்கு என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

"வான் பிடிங்க," என்றார். "இந்தப் புள்ள நாளைக்கு அப்பா இல்லாம தெல்தெனிய பஸ் ஏறப்போகுது. உங்க பட்டியல்ல அதுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

செயலாளர் பட்டியலை மடித்துக்கொண்டு போய்விட்டார். நாற்பது பேரும் முழந்தாளில் இருந்தார்கள். ஜெபமாலை தொடங்கவில்லை. அண்ணன் வழக்கம்போலத் தன் பிழையைச் சொன்னார். அன்றைக்குச் செய்த பிழை இல்லை.

"பொஞ்சாதிகிட்ட கேக்காம குவைத்துக்குப் போனேன். எல்லாம் உங்களுக்காகத்தான்னு சொல்லிட்டுப் போனேன். அஞ்சு வருஷம் கழிச்சு வந்தப்ப, மூத்தவ உள்ள பாத்து, 'அம்மா, யாரோ ஒரு அங்கிள் வந்திருக்காரு'ன்னா. அதுக்கு மேல எனக்கு ஒன்னும் தெரியாது."

என் மகள் என் மடியில் சாய்ந்து சுரூபத்தின் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது பேர் முன்னால் மானம் போகிறதே என்று நினைத்தேன். போகட்டும் சனியன் என்று ரெஜினாவைப் பார்த்துத் திரும்பினேன்.

"உன்கிட்ட கேக்காம எழுதிக் கொடுத்தது பிழை."

அவள் மகளிடம் சொல்லவில்லை. என்னிடமே சொன்னாள். "இதச் சொல்ல பதினஞ்சு நாளா?"

சொல்லிவிட்டு அழுதாள். கட்லட் வீட்டு அம்மா முதல் மணியைத் தொடங்கிவிட்டார்.

மாற்றத்தை ரத்துச் செய்யக் கடிதம் கொடுத்தேன். மேலதிகாரி என்னை முட்டாள் என்றார். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் இன்றும் அதே கந்தோர் வேலையில் அதே கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறேன். யாருக்காவது இதில் குறை இருந்தால் நேரில் வந்து சொல்லலாம்.

செயலாளர் சொன்னதைச் செய்தார். அடுத்த ஒக்டோபரில் எங்கள் வாசலுக்கு வான் வந்தது. ரெஜினா சுரூபத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள். கொண்டுபோக வேண்டியவர் வரட்டும், அதுவரை மாதா நகர மாட்டார் என்றாள். செயலாளர் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் அண்ணனைக் கூட்டிவர அவரே மேட்டில் மூச்சு வாங்க ஏறினார்.

அண்ணன் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு ஓடிவந்தார். வந்த வேகத்தில் எங்களை ஏசத் தொடங்கினார். "மாதாவ ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்க? மறுபடி சண்டையா?"

"சண்டைதான் அண்ணே," என்றாள் ரெஜினா. "உங்களுக்காக."

ஊருக்கே உபதேசம் செய்கிற மனிதர் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார், த்ரீவீலை எடுத்துவரப் போனார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. யாராவது கேட்டால், ஒருவர் இருக்கிறார், கண்டியில் த்ரீவீல் ஓட்டுகிறார் என்றுதான் சொல்கிறேன்.