பப்ஸுக்கும் கேக்குக்கும் நடுவே

கோயம்புத்தூரில் கொதிகலனோடு குடும்பம் நடத்திவரும் மதிப்பிற்குரிய அத்தான் குற்றாலலிங்கம் அவர்களுக்கு, பாளையங்கோட்டையிலிருந்து சிவசண்முகம் வணங்கி எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் தங்கை விஜயஸ்ரீயும் மகள் மதுமதியும் சுகம். அங்கே தங்கள் சுகத்துக்கு ஒரு குறைவும் இருக்காது. கஷ்டத்தையெல்லாம்தான் லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டீர்களே. போனில் பேசினால் உங்கள் தங்கை பக்கத்தில் நின்று என் வாயை அடைப்பாள். அதனால்தான் கடிதம்.

மதுமதியின் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுத்தால் போதாதாம். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற படம் போட்ட காப்பி கப்பும் கொடுக்கணுமாம். அதைக் கடையில் வாங்கக் கூடாது, வீட்டிலேயே செய்யணும், பிறகு அதையே தொழிலாக வைத்துக்கொள்ளணும் என்று விஜயஸ்ரீ தீர்மானம் போட்டுவிட்டாள். படத்தைத் தனி மையில் தாளில் அச்சடித்து, வெள்ளைக் கப்பில் சுற்றி, நல்ல சூடு காட்டினால் மை ஏறி ஒட்டிக்கொள்ளும். சூட்டை எதில் காட்டுவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. கப்பைக் கவ்விப் பிடித்துச் சூடாக்குகிற சின்ன மெஷின் ஒன்று உண்டு, ஒரு தடவைக்கு ஒரு கப், படம் சுத்தமாக வரும் என்று மதுமதி சொன்னாள். நானும் சரியென்றேன். நான் சரியென்றதாலேயே அது தள்ளுபடியாயிற்று. உடனே உங்களுக்குப் போன் பறந்தது. நீங்களும், "ஏட்டி, ஒத்தை ஒத்தையா சுட்டா எப்பம் முடிப்பே? ஓவன்னா ஒரே ஈட்டுல ஒரு டஜன்" என்று திருவாய் மலர்ந்தீர்கள். மில்லில் கொதிகலன் பார்க்கிறவர் சொன்னபிறகு, தாலுகா ஆபீஸில் ரிட்டயரானவன் பேச்சு எடுபடுமா?

ஓவன் வந்தது. மலிவாகக் கிடைத்தது என்று பெருமையாகச் சொன்னீர்கள். எங்கே கிடைத்தது என்பதை மட்டும் அடக்கத்தினால் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் அதுவே சொல்லிவிட்டது. அத்தான், நம் வீட்டில் முட்டை ஓடுகூட வாசல்படி தாண்டியதில்லை. அந்த முட்டை வாடைதான் குப்பென்று அடித்தது. குமிழைச் சுற்றியிருந்த டிகிரிக் கணக்கெல்லாம் தேய்ந்துபோய், பழைய பேக்கரிக்காரர் சிவப்புப் பெயின்டில் பன், முட்டை பப்ஸ், கேக் என்று எழுதிவைத்திருக்கிறார். "இதுல சுட்ட கப்புலயா சம்பந்தி வீட்டுக்காரங்க காப்பி குடிக்கது? அவுக வெள்ளிக்கெழம வெங்காயமே தொட மாட்டாக" என்று உங்கள் தங்கை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். திருப்பி அனுப்பலாம் என்றேன். அண்ணன் ஆசையாக அனுப்பியதாம். சோப்புப் போட்டுக் கழுவலாம் என்றேன். சோப்புக்கு வாடை போகும், தீட்டு போகுமா என்றாள். பிறகு நடந்தது குடமுழுக்கு. மஞ்சளை அரைத்து உள்ளே சுவரெல்லாம் பூசி, வேப்பிலையால் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி, கதவில் திருநீற்றுப் பட்டையும் நடுவில் குங்குமமும் வைத்து முடித்தபோது, அந்த ஓவன் என்னைவிடப் பழுத்த சைவமாகிவிட்டது.

மாதிரிக்கு ஒரு ஈடு வைத்தோம். எவ்வளவு சூடு என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "பப்ஸுக்கும் கேக்குக்கும் நடுவுல வையி." இதற்குத்தான் இன்ஜினியரிங் படித்தீர்களா அத்தான்? கப் வெளியே வந்தது. மதுமதி இருந்த பக்கம் தப்பித்தது. மாப்பிள்ளை இருந்த பக்கம் மஞ்சள் பூசிய சுவரோரமாக இருந்ததில், நெற்றியிலிருந்து கழுத்துவரை மனுஷன் ஒரே மஞ்சள். சூடு கூடிவிட்டது என்று நான், மஞ்சள் கூடிவிட்டது என்று அவள். வாக்குவாதம் முற்றுகிற நேரத்தில் வாசலில் கார் வந்து நிற்கிறது. சம்பந்தி கோமதிசங்கர் அண்ணாச்சி, மண்டபம் விஷயமாகப் பேச வந்திருக்கிறார். விஜயஸ்ரீ வரவேற்க ஓடினாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் கத்தியை எடுத்து, குமிழைச் சுற்றியிருந்த முட்டை பப்ஸையும் துணைக்கிருந்த பன்னையும் கேக்கையும் தடமில்லாமல் சுரண்டிவிட்டேன். இந்தச் சமயோசிதம் எனக்குத்தான் வரும். கப்பை மறைக்கணும் என்றுதான் தோன்றவில்லை.

அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க பய நல்லாத்தானவே இருக்கான். இதுல என்ன, காமாலை கண்டவன் மாதிரி இருக்கான்?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "வீட்ல காட்டுதேன்" என்று காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அதற்கப்புறம் அங்கிருந்து பேச்சுமூச்சில்லை. மாப்பிள்ளையும் போன் செய்யவில்லை. எத்தனையோ ஜாதகம் பார்த்து அலுத்தபிறகு, மதுமதிக்கே பிடித்துப்போய் அமைந்த இடம். பிள்ளை போனைக் கையைவிட்டுக் கீழே வைக்க மாட்டேங்கா. அதைப் பார்க்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன் அத்தான். உங்க தங்கச்சியக் கேட்டா, எல்லாம் அண்ணன் வந்து பேசுவாருங்கா. அதனால நீங்க உடனே கெளம்பி வரணும். சம்பந்தி கால்ல விழணும்னா நீங்களே விழுங்க. போகும்போது அந்த ஓவனையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க, இல்லேன்னா இங்க நம்ம வண்ணாரப்பேட்டைல பழைய இரும்புக்குப் போட்டிருவேன்.

மதினிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், யாருக்கும் யோசனை சொல்லாத தொழிலில் அமர்ந்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாக்கே வேதமான வீட்டில் காலம் தள்ளும்
சிவசண்முகம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது சம்பந்தியம்மா போன் செய்தார்கள். கப்பைப் பார்த்து அழுதுவிட்டார்களாம், சந்தோஷத்தில். நலங்கு மஞ்சள் பூசி மணையில் உட்கார்ந்த மாதிரியே மகன் இருக்கிறானாம். இப்படியொரு யோசனை யாருக்கு வந்தது என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பக்கத்து ஆட்களுக்கும் இதே கப், இதே மஞ்சள், இம்மி கூடாமல் குறையாமல் வேணுமாம். மதுமதி போனோடு மாடிக்குப் போனவள் இன்னும் இறங்கவில்லை. ஆகவே மேலே கண்டதை மறந்துவிடவும். தாங்கள் வரவேண்டாம், ஓவன் இங்கனயே இருக்கட்டும். ஒரு சிக்கல்தான். குமிழைச் சுற்றி இப்போது ஓர் எழுத்தும் கிடையாது. சுரண்டியது யாரென்று விஜயஸ்ரீக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். முட்டை பப்ஸுக்கும் கேக்குக்கும் குமிழை எதுவரை திருப்புவார் என்று அந்தப் பேக்கரிக்காரரிடம் பைய விசாரித்து எழுதவும். எங்கள் வீட்டுக்கென்று சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குத்தான் என்று கேளுங்கள்.