ரூபாய்க்குப் பதினெட்டணா

நாட்டில் விளைகிற மொத்தச் செல்வத்தில் தன் செலவு எத்தனை பங்கு என்று தெரியாமல் ஒரு சர்க்கார் எப்படி நிம்மதியாகத் தூங்க முடியும்? 1938ஆம் வருஷம் மேலிடத்துக்கு இந்தக் கவலை வந்தது. கவலை உரிய முறையில் கீழே அனுப்பப்பட்டு, ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரை பெற்று, கடைசியில் சித்தேரி மலைமேல் நெல்லிமடுவு என்ற முப்பது வீட்டு ஊரில் வந்து இறங்கியது.

நெல்லிமடுவுக்கு வேறு கவலை. மழையில் ஊர்க்கிணறு சரிந்து மண் மூடிவிட்டது. பெண்கள் அரைமைல் கீழே ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்து ஏறினார்கள். அப்படி ஏறும்போது வழுக்கி விழுந்த செல்லிக்குக் கை முறிந்து, கோணலாகவே கூடியிருந்தது. கிணற்றைத் தூர் எடுத்துக் கல் கட்ட எண்பது ரூபாய் கேட்டு ஊரார் மனுப் போட்டிருந்தார்கள். அந்த ஊருக்கு ஏற்கனவே எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்த பிறகே மேற்கொண்டு செலவு என உத்தரவாயிற்று.

கணக்கெடுக்க ராஜப்பன் என்ற அதிகாரி வந்தார். கனத்த சரீரம். அடிவாரத்திலிருந்து எட்டுப் பேர் அவரை டோலியில் சுமந்தார்கள். மேலேயும் பத்து நாள் காடு காடாகச் சுமந்தார்கள். ஆளுக்குத் தினம் நாலணா.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் சாமை அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். மொத்தத்தை வாய்விட்டே சொல்லமாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். கேட்டவர் சர்க்கார் ஆளாயிருந்தால் கண்ணோடு வரியும் படும்.

"எத்தனை மூட்டை விளைஞ்சுது?" என்று ஊர்ப் பெரியவர் காளியனைக் கேட்டார் அதிகாரி.

"என்னங்க வெளையுது, சாமி. பன்னி தின்னது போக, எலி தின்னது போக அஞ்சு மூட்டை இருந்தா அதிகமுங்க."

ஐம்பது மூட்டை சாமை அடைத்திருந்த குதிரில் சாய்ந்தபடியே அதிகாரி ஐந்து என்று எழுதிக்கொண்டார். அரூர் சந்தைக்குப் போகும் தேனும் புளியும் இதே முறையில் இளைத்தன. ஊரின் வருஷ வருமானம் இருநூறு ரூபாய் என்று முடிவாயிற்று.

அடுத்து சர்க்கார் செலவு. பள்ளிக்கூடம் இல்லை, ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. சைபர் என்று எழுதினால் மேலிடம் மனம் வருந்தும். எனவே தம்முடைய பயணப்படி, கூடாரம், டோலி, காகிதம், மசி எல்லாவற்றையும் அவ்வூருக்குச் செய்த செலவாகச் சேர்த்தார். நூற்று இருபத்தைந்து வந்தது.

மூன்று மாதத்தில் உத்தரவும் வந்தது. "மேற்படி கிராமத்தின் வருமானத்தில் ரூபாய்க்குப் பத்தணா வீதம் சர்க்கார் ஏற்கனவே செலவிட்டு வருகிறபடியால், மேலும் உதவினால் ஜனங்களின் சுயமுயற்சி குன்றிவிடும்."

விளைச்சலை உள்ளபடி சொல்லிவிடலாம் என்றாள் செல்லி.

"உள்ளதைச் சொன்னா கெணறு வருதோ இல்லையோ, வரி வந்துரும் புள்ளெ" என்றார் காளியன். ஆகவே, உண்மையைச் சொல்லாமலே மறுபடியும் கணக்கெடுக்க வேண்டும் என்று மனுப் போட்டார்கள்.

அதே அதிகாரி, அதே டோலி, அதே பத்து நாள், அதே ஐந்து மூட்டை. செலவில் மட்டும் இன்னொரு நூறு ஏறியது. இப்போது ரூபாய்க்குப் பதினெட்டணா.

"ரூபாய்க்குப் பதினாறணாதானுங்களே, சாமி?" என்று கேட்டார் காளியன்.

"அது ஜனங்களுக்கு" என்றார் அதிகாரி.

தாகத்துக்குச் செல்லி கோணல் கையால் ஓடைத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். அவர் குடித்துவிட்டு, "தண்ணி தேனாட்டம் இருக்குதே. இதை விட்டுட்டுக் கெணறு எதுக்கு?" என்றார்.

"ரெண்டு தடவையும் சேத்து உங்களைத் தூக்குன நாளு இருபதுங்க. அத்தனை நாளும் அந்த எட்டுப் பேரு மண்ணைத் தூக்கியிருந்தா, இந்நேரம் கெணத்துத் தண்ணியே குடுத்திருப்பேன்" என்றாள் செல்லி.

அதிகாரி சற்று யோசித்தார். நோட்டைத் திறந்து, "இவ்வூரில் ஆள் பலம் போதிய அளவு உள்ளது, நிதி தேவையில்லை" என்று எழுதினார்.

மறுநாள் விடிந்ததும் எட்டுப் பேரும் கயிற்றோடு வந்தார்கள். கிணற்றுப் பக்கம் போகவில்லை, டோலிக்குப் போனார்கள். மண்ணைத் தூக்கினால் நாலணா யார் கொடுப்பார்கள்? கணக்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தவன் நான். எனக்கு மூன்றணா.

ஓடைக்கு இறங்கும் வழியில் செல்லி குடத்தோடு எதிரே ஏறி வந்தாள். பாதை குறுகல். சர்க்காருக்கு வழிவிட்டு முள்ளில் ஒதுங்கி நின்றாள்.