குடும்பச் சூழ்நிலை காரணமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மகன், உங்கள் மகள், பேத்தி வாண்டு நால்வரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டால் உட்கார்ந்து படிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். கடை கடையாகப் போய்த் தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்த்து முத்திரை போடும் உங்கள் மகளுக்கு, மூன்று தடவை பரீட்சை எழுதியபின் மண்டல அதிகாரியாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. மாதம் பத்து நாள் வெளியூர் போக வேண்டும். வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாம். வேண்டாம் என்று எழுதித் தரும்படி தகப்பனாரான நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வேலையும் வீடும் தராசு மாதிரி சமமாக இருக்க வேண்டும் என்று நிச்சயதார்த்தத்தில் சொன்னவரே நீங்கள்தானே! அதை அவளிடம் நினைவுபடுத்தினேன். "தராசு ஒரு பக்கம் சாஞ்சா நாங்க சரக்கைத் திட்ட மாட்டோம் மாமா, தராசைத்தான் கழட்டிப் பாப்போம்" என்கிறாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

போன வாரம் அவள் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனாள். என் மனைவி இருந்தவரை சமையலறைக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே போனவன் நான். ஆனாலும் ஆலையில் முப்பத்தாறு வருடம் இருநூறு பேருக்கு ஷிப்ட் போட்டவன் என்பதால், அவள் ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன இரண்டு பக்கப் பட்டியலைக் கௌரவக் குறைவாக நினைத்துப் படிக்கவில்லை. முதல் நாள் அடுப்பில் பால் இருந்தது. மகன் பார்த்துக்கொள்வான் என்று நான் இருந்தேன், அப்பா பார்த்துக்கொள்வார் என்று அவன் இருந்தான், பால் யாரையும் நம்பாமல் பொங்கித் தரைக்கு வந்துவிட்டது. அதில் வழுக்கி அவன் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே அவளுக்குப் போன் போட்டு, "தைலம் எங்கடி இருக்கு?" என்று கேட்டான். அன்று மட்டும் பதினான்கு போன். அவள் வகுப்பில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டு பதில் சொன்னாளாம். இரண்டாம் நாள் வாண்டுவின் வெள்ளைச் சீருடை, மகனின் சிவப்புத் துண்டு, என் சட்டை மூன்றையும் மெஷினில் ஒன்றாகப் போட்டேன். சட்டைப் பையில் பழைய ரசீதுகள் இருந்தன. சீருடை ரோஸ் நிறத்தில், மேலெல்லாம் காகிதப் பிசிறோடு வந்தது. "பையைப் பாத்துட்டுப் போடணும்னு அம்மா எழுதியிருக்காங்களே தாத்தா" என்றது வாண்டு. ஆறு வயசு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. மூன்றாம் நாள் அதையே வாண்டுவுக்கு உடுத்திவிட்டுப் பள்ளிக்கூடம் கூட்டிப்போய்ப் பூட்டிய கேட் முன்னால் அரை மணி நேரம் நின்றோம். "இன்னிக்கு லீவுன்னு அவங்க அம்மாகிட்ட போன வாரமே சொல்லியாச்சே சார்" என்றார் வாட்ச்மேன். அதுவும் பட்டியலில் இருந்தது.

இவ்வளவுக்கும் என் மகன், "நான் அவளுக்கு ஹெல்ப் பண்ணிட்டுதானப்பா இருக்கேன்" என்கிறான், ஏதோ பக்கத்து வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போனவன் மாதிரி! ஐந்து நாளுக்கே இந்தக் கதி என்றால் மாதம் பத்து நாள் எப்படிச் சமாளிப்பது? ஆகவே உடனே அவளுக்கு எழுதவும்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ அது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. நான்கு நாளாக இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். எனக்கு எதையும் நினைவுபடுத்துவது மருமகள்தான். இதை அவளிடம் எப்படிச் சொல்லி வைப்பது? காலையில் அவளே ஓர் உறையைக் கொடுத்து, "மாமா, வாக்கிங் போறப்ப எங்க ஆபீஸ்ல குடுத்துடுங்க. பதவி வேண்டாம்னு எழுதிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடைகளைப் பார்க்கப் போய்விட்டாள். உறை ஒட்டியிருக்கவில்லை. படித்தது தப்புதான். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஒரே வரி. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, அது என்ன சூழ்நிலை என்று யோசித்தேன். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. மகனுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் நான்தான் மிஞ்சினேன். ஆலையில் இதே வார்த்தையை எழுதி எத்தனையோ பெண்கள் நீட்டியிருக்கிறார்கள், நானும் ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தச் சூழ்நிலை ஓர் ஆளாக இருக்கும் என்று அப்போது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது சம்பந்தி.

வீட்டுக்கு வந்து வேர்த்த சட்டையைக் கழற்றி மெஷினில் போட்டேன். பிறகு அவளுக்குப் போன் செய்து, உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது, சட்டை இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது என்றேன்.

"பையைப் பாக்காமப் போட்டீங்களா மாமா?"

"பாத்துட்டுத்தாம்மா போட்டேன்."

ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, வேண்டுமானால் இன்னொன்று எழுதிக் கொடு, நானே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றும் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வெள்ளைத் துணியைத் தனியாப் போட்டீங்கல்ல?"