குளிக்கப் போனவரின் வெளி நேரம்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். விவரம் தெரியாதவர்கள். நான் 'மணி வரம்பு' என்பேன். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பராமரிப்பாளர் எவ்வளவு நேரம் உதவலாம் என்பதற்கு ஓர் எல்லை. அது இல்லாவிட்டால் ஜனங்கள் இஷ்டத்துக்குக் குளிப்பார்கள், இஷ்டத்துக்குச் சாப்பிடுவார்கள், அப்புறம் வெளியே வேறு போக ஆசைப்படுவார்கள். இந்தப் பேராபத்திலிருந்து காரைக்குடி வட்டாரத்தைக் காத்து நிற்பது எங்கள் சேவை மையம். அதில் மணி வரம்பு அலுவலர் அடியேன்.

விதி எளிமையானது. வீட்டுக்குள் செய்யும் உதவி 'வீட்டு நேரம்'. அது தாராளம். வீட்டைத் தாண்டினால் 'வெளி நேரம்'. அது வாரத்துக்கு ஐந்தே மணி நேரம். எது வீடு, எது வெளி என்பதைப் பராமரிப்பாளரின் கைபேசி இருக்கும் இடத்தை வைத்து அதிலுள்ள செயலியே தீர்மானிக்கும். பெங்களூரில் ஏதோ அடுக்குமாடி வீட்டை மனதில் வைத்துச் செய்த அருமையான செயலி.

எங்கள் பயனாளி கண்டனூர் மீனாட்சிசுந்தரத்தின் வீடுதான் இந்த விதிக்கு அடங்க மறுத்தது. கட்டு கட்டாக நீளும் செட்டிநாட்டு வீடு; முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அவர் படுக்கை முகப்பை ஒட்டிய அறையில். குளியலறையோ பின்வாசலை ஒட்டிய கடைசிக் கட்டுப் பகுதியில். பராமரிப்பாளர் தீபலட்சுமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு இரண்டாம் கட்டைத் தாண்டியதும் 'பயனாளி வீட்டை விட்டு வெளியேறினார்' என்று செயலி அறிவித்துவிடும்.

அவசரக் கூட்டம் கூட்டினோம். வட்டார இயக்குநர் சேவுகப்பெருமாள் தலைமை. மெதுவடை உண்டு.

"சார், அண்ணன் குளிக்கத்தான் போனாக," என்றாள் தீபலட்சுமி.

"அடுத்த தெருவுக்கா?" என்றார் இயக்குநர்.

"அதுவும் அவுக வீடுதான் சார்."

"ஒரு மனுசனுக்கு எத்தனை தெருவுலம்மா வீடு இருக்கும்?"

முன்பக்கமே ஒரு குளியலறை கட்டிக்கொள்ளலாமே என்று மீனாட்சிசுந்தரத்துக்குப் போன் போட்டு நானே யோசனை சொன்னேன்.

"கட்டலாம் சார். வீட்டுல பங்காளிக இருபத்திரண்டு பேரு. அத்தனை பேரும் சரிங்கணும். ஒருத்தர் மலேசியாவுல இருக்காக. ரெண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை இல்ல. அடுத்த கல்யாணத்துக்கு வருவாக, கேட்டுச் சொல்றேன்."

வாளியில் தண்ணீரை முன்னால் கொண்டுவந்தால்? அதை எடுக்கப் போனாலும் தீபலட்சுமி 'வெளியேறி'விடுவாள். கைபேசியை வைத்துவிட்டுப் போனால் ஒழுங்கு நடவடிக்கை. ஆகவே கருணை அடிப்படையில் தீர்மானம் போட்டோம்: பயனாளி தாராளமாகக் குளிக்கலாம், அது வெளி நேரத்தில் கழிக்கப்படும். ஐந்து மணி நேரமும் குளியலுக்கே சரியாகப் போயிற்று. வீட்டை விட்டு நகராமலே அவர் எங்கள் வட்டாரத்தில் அதிகம் ஊர் சுற்றியவர் ஆனார்.

இந்தச் சமயத்தில் எங்கள் மையத்தில் 'குறைகேட்பு அலுவலர்' பதவி வந்தது. மணி வரம்பு பற்றிய புகார்களைக் கேட்கும் வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும். நேர்காணலுக்கு நேரில் வர வேண்டும். விண்ணப்பித்தவர் ஒரே ஒருவர்: இரண்டு பட்டம் வாங்கிவிட்டு வருஷக்கணக்காக வேலை தேடும் மீனாட்சிசுந்தரம்.

"ஒரே ஒரு நாளைக்கு ரெண்டு மணி கூடப் போட்டுக் குடுங்க சார். இந்த வேலை கெடச்சுட்டா தீபாவுக்கு நானே சம்பளம் குடுத்துக்குவேன். அப்புறம் உங்க மணியே எனக்கு வேணாம்."

போனில் கேட்ட அந்தக் குரலில் இருந்த தவிப்பில் என் மனம் இளகியது. விதி இளகவில்லை.

ஆனாலும் வந்துவிட்டார். கத்திரி வெயிலில், மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், முகமெல்லாம் சிரிப்பாக. அவர் உள்ளே வந்ததும் சேவுகப்பெருமாள் கைக்குட்டையைத் தேடினார்.

"எப்படி வந்தீக? உங்களுக்குத்தான் வெளி நேரமே மிச்சமில்லையே?"

"இந்த வாரம் பூரா குளிக்கல சார். அதுல மிச்சம் புடிச்சேன்."

கேள்விகள் பறந்தன. எதிலும் அவர் தடுமாறவில்லை. கடைசியாக இயக்குநர் கேட்டார்:

"மணி வரம்பால பயனாளிக்கு ஏதாவது பாதிப்பு இருக்குங்கிறீகளா?"

"கொஞ்சம் கிட்டக்க வாங்க சார், சொல்றேன்."

நாங்கள் எங்கள் நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டோம். பாரபட்சமில்லாமல் மதிப்பிட்டோம். அறிவு: மிக நன்று. பேச்சு: மிக நன்று. சுய சுத்தம்: போதாது.

"குளிச்சிட்டு நாளைக்கு வாங்களேன்," என்றேன் பெருந்தன்மையுடன்.

"குளிச்சா வர முடியாது சார். வந்தா குளிக்க முடியாது."

"நல்ல பாயிண்ட்," என்றார் சேவுகப்பெருமாள். "இதை நீங்க முறைப்படி குறைகேட்பு அலுவலர்கிட்டத்தான் சொல்லணும்."

"அந்த வேலைக்குத்தான் சார் வந்திருக்கேன்."

தகுதியானவர் கிடைக்காததால் பதவி இன்றுவரை காலி. கேட்க ஆள் இல்லாததால் ஒரு புகாரும் பதிவாகவில்லை. 'குறையே இல்லாத மையம்' என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதை வாங்கச் சிவகங்கைக்குப் போன அன்று காலையில் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை என்று இரண்டு தடவை குளித்தேன். எனக்குத்தான் வரம்பு கிடையாதே.