மீன் இல்லாத வானை மறித்த வீரன்

சட்டம் தெரியாதவனைவிட அதில் பாதி தெரிந்தவன்தான் ஆபத்தானவன். அந்தப் பாதி ஆள் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கும் மனைவி வாசுகிக்கும் கனடாவின் பிறம்ரன் நகரில் ஒரு மீன் களஞ்சியத்தில் வேலை. நான் நிரந்தரம், அவள் கசுவல், கூப்பிட்டால்தான் வேலை. கசுவல் ஆட்களை நிரந்தரமாக்கக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தோம். மூன்று வாரமாகியும் கம்பெனி அசையவில்லை. கம்பெனியின் மீனை விற்கும், மில்லிக்கன் பகுதியில் உள்ள தமிழ்க் கடையை மறித்தால் வழிக்கு வருவார்கள் என்று எனக்குப் பட்டது. (எனக்கு இப்படித்தான் அடிக்கடி ஏதாவது படும்.)

சங்கப் பொறுப்பாளர் மாலா அக்கா படித்துப் படித்துச் சொன்னார்.

“கடைக்காரர் எங்கட சண்டையில இல்லாத ஆள். வாசலில நிண்டு நோட்டீஸ் குடுக்கலாம். வழி மறிக்கேலாது. மறிச்சா கோட்டுக்குப் போவினம்.”

“எங்கட ஆக்கள்தானே அக்கா, கோட்டுக்கெல்லாம் போகாயினம்.”

(ஊரில் வேலிக் கதியால் தடி ஒன்றுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய சனத்தைப் பற்றித்தான் இப்படிச் சொன்னேன்.)

சனிக்கிழமை பத்துப் பேரோடு போனேன். நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தால் தப்பியிருப்போம். கடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு வான் வெளிக்கிட்டது. நான் பாய்ந்துபோய் அதன் முன்னால் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்துவிட்டேன். கடைக்கார ராசன் அண்ணை ஓடிவந்தார்.

“தம்பி, உள்ள மீனில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு. சனம் பாத்துக்கொண்டிருக்குது.”

“உந்தக் கதையெல்லாம் வேண்டாம் அண்ணை!”

பின்கதவைத் திறந்து காட்டினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம். வெட்கத்தில் எழும்பியிருக்க வேண்டும். பத்துப் பேர் பார்க்கிறார்களே என்ற வீம்பில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். அந்தியேட்டி வீட்டில் ஐயர் உட்பட நூறு பேர் பட்டினி.

திங்கட்கிழமை ராசன் அண்ணை கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி, மாலா அக்கா சொன்னதையே ஆங்கிலத்தில் எழுதித் தடையுத்தரவு போட்டார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கம்பெனிக்காரர் அதே உத்தரவையும் நான் வானை மறித்திருந்த படத்தையும் காட்டி, அதுவரை களஞ்சிய வாசலில் நாங்கள் சிறிது நேரம் மறித்துவந்த லொறிகளையும் இனி ஒரு நிமிடம்கூட மறிக்கக் கூடாதென்று இன்னொரு உத்தரவு வாங்கினார்கள். அதன்பிறகு லொறிகள் எங்களைக் கடந்து வரிசையாகப் போயின. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். இரண்டு வாரத்தில் வேலைநிறுத்தம் படுத்துவிட்டது. கசுவல் ஆட்களின் கோரிக்கையைப் பேச்சுவார்த்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது எந்தக் கொண்டாட்டத்திலும் நான் சாப்பாட்டு மேசைக்குக் கிட்டப் போனால் போதும். “அங்கிள், வழி விடுங்கோ, கோர்ட் ஓடர் இருக்கு!” என்று ஒரு பிள்ளை கத்தும். மண்டபமே சிரிக்கும். வாசுகியும் சிரிப்பாள். அவள் இன்றைக்கும் கசுவல்தான்.