வால்டரின் மௌனமும் விறகு பாய்லரும்

காலை ஐந்தரைக்கு நான்காம் அறையின் கதவு திறந்தபோது முதலில் புகை வந்தது. அதற்குப் பின்னால் இடுப்பில் துண்டோடு வால்டர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘மௌனம், நாற்பது நாள்’ என்று எழுதியிருந்தது.

“சாரி சார், சாரி” என்று ஓடினார் தன்யகுமார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு நாலு கட்டடம் தள்ளி இருந்த ஆறு அறை விடுதி அவருடையது. ஆஸ்திரியாக்காரரான வால்டர் தனியாகத்தான் வந்திருந்தார். ஆனால் இடம் அமைதியாக இருந்து, விடியற்காலையில் வெந்நீரும் கிடைத்தால் ஜனவரியில் அவருடைய நண்பர்கள் பத்துப் பேர் வந்து இரண்டு மாதம் தங்குவார்கள் என்று அந்த நண்பர்களிடமிருந்து முன்பே கடிதம் வந்திருந்தது. அந்த வெந்நீருக்காகத்தான் கொல்லையில் விறகு பாய்லர் வைத்தார் தன்யகுமார். கீழ்பென்னாத்தூர் வெல்டிங் பட்டறைப் பிரகாஷ் செய்து கொடுத்தது. ஆள் உயர இரும்பு அடுப்பு, அதைச் சுற்றித் தண்ணீர், மண்ணுக்கடியில் குழாய் போட்டு ஆறு குளியலறைக்கும் இணைப்பு. இரண்டு நாளாக அது புகையை மட்டும் குறைவில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தது.

வால்டர் பாய்லரைச் சுற்றி வந்தார். புகைக்குழாயை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

தன்யகுமாருக்குப் புரிந்துவிட்டது. குழாய் குட்டை. பிரகாஷை வரவழைத்து இன்னும் ஆறடி ஏற்றினார். மறுநாள் விடிந்தபோது இரண்டு குரங்குகள் அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தன. குழாய் வளைந்து, அதன் வாய் நான்காம் அறை ஜன்னலை நேராகப் பார்த்தது.

வால்டர் மறுபடியும் வந்தார். இந்த முறை விறகு அடுக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, இல்லை என்பதுபோல் தலையசைத்தார்.

“என்னங்க சொல்றாரு?” என்று கேட்டாள் தன்யகுமாரின் மனைவி ஜெயந்திமாலா.

“அதான் தெரியல. எழுதிக் காட்டுங்கன்னா, எழுத்தும் பேச்சுதான்ற மாதிரி கையெடுத்துக் கும்பிடுறாரு.”

“எனக்குத் தெரியுதுங்க. மரத்த எரிக்கிறது பாவம்னு சொல்றாரு. நம்மள மாதிரியே மனசு.”

ஜெயந்திமாலா எறும்புக்குக்கூடக் கேடு நினைக்காத ஜைனக் குடும்பத்தில் வளர்ந்தவள். ஒவ்வொரு கட்டையையும் தட்டி, உள்ளே இருக்கும் பூச்சி பொட்டு வெளியேறட்டும் என்று ராத்திரி முழுக்கத் திறந்தவெளியில் பரப்பிவைப்பாள். மார்கழிப் பனி அதன் மேல் இறங்கும். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

விறகை நிறுத்திவிட்டு, நாலு மூட்டை வேர்க்கடலைத் தோல் வாங்கி வந்தார் தன்யகுமார். அது சும்மா எரியவில்லை, வெறி பிடித்து எரிந்தது. இரண்டாம் அறையிலிருந்த பெங்களூர் அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

“இந்தத் தண்ணில குளிக்கறதா, பருப்பு வேகவைக்கறதாங்க?”

பாய்லரின் தலையில் ஆவி போக விட்டிருந்த சின்னக் குழாய் ரயில் மாதிரி ஊதியது. வால்டர் ஓடிவந்தார். இரண்டு உள்ளங்கையையும் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினார். பிறகு அடுப்பின் காற்றுக்கதவைக் காட்டினார். பிறகு ஊதும் குழாயைக் காட்டி, தலையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்கு நிறையச் சொல்றாரு” என்றார் தன்யகுமார். அவருக்கு வியப்பாக இருந்தது. பேசாத மனிதனுக்குள் இவ்வளவு பேச்சா?

“சத்தத்தக் கம்மி பண்ணச் சொல்றாருங்க. தியானம் கலையுது இல்ல?”

தன்யகுமார் ஏணி போட்டு ஏறினார். ஒரு பழைய துணியை உருட்டி, குச்சியால் தள்ளி ஆவிக் குழாயை அடைத்தார். சத்தம் நின்றது. கொல்லை முழுக்க ஆசிரமத்து அமைதி. இறங்கித் திரும்பிப் பார்த்தால், வால்டரின் முகத்தில் ரத்தமே இல்லை.

அடுத்த நொடி அவர் தன்யகுமாரைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு ஏணியில் ஏறினார். அடைத்த துணியைப் பிடுங்கினார். ஆவி சீறிக்கொண்டு வானத்துக்குப் போனது. கீழே இறங்கியவர் கை நீட்டினார். தன்யகுமார் பயந்துபோய் ஸ்பேனர் பெட்டியைக் கொடுத்தார்.

அப்புறம் நடந்ததைக் கணவனும் மனைவியும் நின்று பார்த்தார்கள். வால்டர் காற்றுக்கதவை விரலளவு விட்டு மூடினார். பாய்லர் ஆறியதும் புகைக்குழாயைக் கழற்றி, நிமிர்த்தி, உள்ளே படிந்த கரியைச் சுரண்டி மாட்டினார். விறகை ஒவ்வொன்றாக, ஜெயந்திமாலா செய்வதுபோலவே தட்டி, ஸ்கூட்டர் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குள் அடுக்கினார். நாலு நாள் காயட்டும் என்று விரல் காட்டினார்.

ஐந்தாம் நாள் காலையில் ஆறு குழாயிலும் இதமான வெந்நீர் வந்தது. புகை நூலிழைபோல மேலே போனது.

“படிச்சு வர்றது இல்லங்க இது” என்றாள் ஜெயந்திமாலா. “பேச்ச அடக்கி உக்காந்ததுல வந்த ஞானதிருஷ்டி.”

தன்யகுமாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் ஒருவரிடம் சொன்னார். செங்கம் ரோடே கேட்டது. பக்கத்து விடுதிக்காரர்கள் வால்டரைக் கும்பிட்டு, தங்கள் கொல்லைக்கு அழைத்துப் போனார்கள். மூன்று நாளில் ஏழு பாய்லர். நாலாம் நாள் ஒருவர் மாலையும் கையுமாக வந்தார், வேங்கிக்காலிலிருந்து ஒரு பாய்லரைக் குட்டியானை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு.

வால்டர் அந்த வண்டியை ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினார். நாற்பது நாளுக்கு இன்னும் இருபத்தாறு நாள் பாக்கி.

அவரைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவந்த டாக்சிக்காரன் மாறன், திரும்பவும் அழைத்துப் போக வந்தான். தன்யகுமார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாங்க என்னப்பா தப்பு பண்ணோம்? தெய்வமாத்தான வச்சிருந்தோம். பாய்லர் முன்னால நின்னா போதும், எல்லாம் தானா அவருக்குத் தெரியுது. அப்படி ஒரு சக்தி.”

மாறன் பெட்டியை டிக்கியில் வைத்து மூடினான்.

“மௌனம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால, வர்ற வழியில அவரே சொன்னாருங்க. அவங்க ஊர்ல முப்பது வருஷமா விறகு பாய்லர் கம்பெனிதாங்க நடத்துறாரு. நாப்பது நாளைக்கு பாய்லர் பேச்சே காதுல விழக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதாலதான், வெந்நீருக்கே வேல இல்லாத சூடான ஊரா தேடி இங்க வந்தாரு.”